பின்தெருப் பள்ளிக்கூடம்

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காந்துக்கங்க தம்பி. எனக்கு எதிர்க்காத்து ஆகாது. மதுரைக்குத்தானே? நானும் அங்கதான். வீட்ல கார் இருக்கு, பையன் எடுத்துட்டுப் போயிட்டான். மெடிக்கல் காலேஜ், ரெண்டாவது வருஷம். அதான் இன்னிக்கு எனக்கு இந்த பஸ்ஸு.

மூஞ்சியப் பாத்தாலே தெரியுதா? ஆமா, சாப்பிடல. சொந்தத் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டுப் பட்டினியாத் திரும்புறேன். அவங்க சாப்பிடச் சொல்லாம இல்ல. தட்டெல்லாம் வச்சாங்க. நான்தான் எந்திரிச்சு வந்துட்டேன். மனசு விட்டுப்போச்சு தம்பி. ஒருத்தருக்கு நல்லது நினைக்கவே பயமா இருக்கு இந்தக் காலத்துல.

நான் பேங்க்ல மேனேஜரா இருந்து ரிட்டயர் ஆனவன். சாமி சாருன்னு கேட்டா எங்க பழைய பிராஞ்சுல இன்னைக்கும் சொல்லுவாங்க. முழுப் பேரு கருப்பசாமி. வேலையில சேந்த புதுசுல நானே சுருக்கிக்கிட்டேன்.

ஊரு கோவில்பட்டிக்குப் பக்கம். பேரச் சொன்னா உங்களுக்குத் தெரியாது. அப்பா தீப்பெட்டி ஆபீஸ்ல கூலி. அம்மா சின்ன வயசுலயே போயிட்டாங்க. நான், எனக்குக் கீழ தங்கச்சி பேச்சியம்மாள். அந்த வீட்டுல இருந்து ஒருத்தன் பேங்க் மேனேஜர் ஆகுறதுன்னா சும்மாவா? யார் கையையும் எதிர்பாக்கல. எல்லாம் சொந்த முயற்சி.

தங்கச்சி எட்டாவதோட நின்னுட்டா. அவளுக்குப் படிப்புல அவ்வளவு நாட்டம் கிடையாது. வகுப்புல மொத ரேங்க் வாங்குவா, அது சரி. கிராமத்து ஸ்கூல்ல மொத ரேங்க் வாங்குறது ஒரு பெரிய விஷயமா? நான் மதுரையில காலேஜ் சேரணும், அப்பா ஒத்தச் சம்பளத்துல முடியாது, அதனால அவளும் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனா. கொஞ்ச நாள் அழுதா. அப்புறம் சரியாயிட்டா. பொம்பளப் பிள்ளைங்க எதையும் சீக்கிரம் பழகிக்கும். நான் அரசாங்க ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சேன். சோறு, படுக்க இடம் எல்லாம் சும்மாதான். அதெல்லாம் வேற காலம் தம்பி. அப்ப உதவிக்கு ஒரு அர்த்தம் இருந்துச்சு. இப்ப எல்லாத்தையும் இலவசமாக் கொடுத்து ஜனங்களைக் கெடுத்து வச்சிருக்கான்.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

தங்கச்சிக்கு ரெண்டு பொண்ணு. மூத்தவ மாரீஸ்வரி, சின்னவ செண்பகவல்லி. மச்சான் தவறிட்டாரு. ரெண்டையும் தீப்பெட்டி ஆபீஸ் சம்பளத்துலதான் வளத்தா. குடியிருக்கிறது எங்க அப்பா வீடு. வாடகை கீடகைன்னு ஒரு பைசா நான் கேட்டதில்ல.

மாரீஸ்வரி பத்தாவதுல நல்ல மார்க் எடுத்துச்சு. எங்க ஊரு கவர்மென்ட் ஸ்கூல்லயே அதுதான் மொதல். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்த நேரம் பாத்து எங்க மாமியார் படுத்த படுக்கையா ஆயிட்டாங்க. வாதம். ஒரு பக்கம் பூராவும் இழுத்துக்கிச்சு. வசுமதி, என் சம்சாரம், அவளுக்கு இடுப்பு வலி, தூக்கிப் புரட்ட முடியாது. அப்பத்தான் எனக்குத் தோணுச்சு. நம்ம தங்கச்சி பிள்ளைய நாம படிக்க வைக்காம யாரு படிக்க வைக்கிறதுன்னு.

நேரா ஊருக்குப் போனேன். பிள்ளைய நான் மதுரைக்குக் கூட்டிட்டுப் போறேன், பிரைவேட் ஸ்கூல்ல சேத்து டாக்டருக்குப் படிக்க வைக்கிறேன்னு சொன்னேன். தங்கச்சி என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டா. அதைச் சொல்லணும்ல. அன்னைக்கு அழுதவதான் இன்னைக்கு இப்படிப் பேசுறா.

டி.சி. வாங்கப் போனா, அந்த ஸ்கூல் வாத்தியார் ஒருத்தர் குறுக்க வந்து நிக்கிறாரு. அறிவியல் வாத்தியார். செருப்பு தேஞ்சு போயி, சட்டையெல்லாம் சாக்பீஸ் தூள். "சார், பிள்ளைய மாத்தாதீங்க"ங்கிறாரு. ஏன்னேன். "ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியிலயே படிச்சாத்தான் அந்த ஏழரை சதவீத ஒதுக்கீட்டுல டாக்டர் சீட் கேக்க முடியும். இப்ப பிரைவேட்டுக்குப் போனா அது போயிரும். இந்தப் பிள்ள அதுல கண்டிப்பா சீட் வாங்கும் சார். இன்னும் ரெண்டு வருஷம்தான்"னாரு.

எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. எங்கிட்ட வந்து சட்டம் பேசுறாரு பாருங்க. நான் கேட்டேன், "ஏங்க, ஒரு பேங்க் மேனேஜர் வீட்டுப் பிள்ள சலுகையில டாக்டர் ஆகணுமா? திறமையில ஆகட்டும்"னேன். தங்கச்சி என் மூஞ்சியவும் வாத்தியார் மூஞ்சியவும் மாத்தி மாத்திப் பாத்தா. அப்புறம், "அண்ணன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும் சார்"னுட்டா. அவருக்கு மூஞ்சி செத்துப்போச்சு. கவர்மென்ட் ஸ்கூல் வாத்தியார்ங்கல்லாம் இப்படித்தான் தம்பி. நல்லாப் படிக்கிற பிள்ள ஒண்ணு இருந்தா அதை வச்சுத் தங்களுக்குப் பேரு வாங்கப் பாப்பாங்க.

மதுரையில எங்க வீட்டுக்குப் பின்தெருவுலயே ஒரு சின்ன பிரைவேட் ஸ்கூல் இருக்கு. அதுல சேத்தேன். என் பையன் நிதின் படிச்ச ஸ்கூல் பெருசு, ஊருக்கு வெளிய, வேன்ல போகணும். கவர்மென்ட் பெண்கள் பள்ளியும் இருக்கு, நல்ல ஸ்கூல்தான்னு சொல்றாங்க, ஆனா ரெண்டு பஸ் மாறணும். வீடு திரும்ப இருட்டிரும். பின்தெரு ஸ்கூல்னா மத்தியானம் பெல் அடிச்ச உடனே ஓடி வந்து, மாமியாருக்குக் கஞ்சி ஊட்டி, துணி மாத்தி விட்டுட்டு மறுபடி ஓடிரலாம். எல்லாத்தையும் யோசிச்சுத்தான் செஞ்சேன். அந்தப் பிள்ளைக்கு அலைச்சல் இருக்கக் கூடாதுல்ல.

நல்ல பிள்ள. அதை நான் மறைக்க மாட்டேன். மாமியாருக்கு மலம் ஜலம் எல்லாம் அதுதான். மூஞ்சி சுளிச்சு நான் பாத்ததில்ல. வசுமதி மொத நாளே ஒண்ணு சொல்லிட்டா, நிதினை அண்ணான்னுதான் கூப்பிடணும்னு. முறைப்படி அவன் அதுக்கு அத்தான். ஆனா ஒரே வீட்ல வயசுப் பிள்ளைங்க, நாளைக்கு முறை அது இதுன்னு பேச்சு வந்துறக் கூடாது பாருங்க. பிள்ள ஒரு மாதிரி தலையக் குனிஞ்சுக்கிச்சு. அப்புறம் அண்ணான்னே கூப்பிட்டுச்சு. சொன்னாக் கேட்டுக்கும்.

நிதினுக்கு நீட் கோச்சிங். பெரிய சென்டர், ஏ.சி. கிளாஸு. மாரீஸ்வரியவும் சேக்கலாமான்னு ஒரு யோசனை வந்துச்சு. ஆனா சாயங்கால கிளாஸு, மாமியாரை யாரு பாக்குறது? அதனால, நிதின் படிச்சு முடிச்ச புஸ்தகத்தை நீ படிச்சுக்கோன்னு சொல்லிட்டேன். பாவம், அவன் முடிச்சாத்தான இது படிக்க? அவன் புஸ்தகத்தையே தொட மாட்டான். கடைசியில இதுதான் படிச்சிட்டு அவனுக்குச் சொல்லிக் கொடுக்கும். மாமியார் கட்டிலுக்குப் பக்கத்துல தரையில உக்காந்து படிக்கும். அம்மாவுக்கு வெளிச்சம் கண்ணு கூசுதுன்னு வசுமதி லைட்டை அணைக்கச் சொல்லிட்டா. அப்புறம் மாடிப்படி லைட்டுல போயி உக்காந்து படிச்சிச்சு. நாங்க அதுக்கெல்லாம் ஒண்ணும் சொல்றதில்ல.

சாத்தூர் வந்துருச்சா? பஸ் நின்னா காராச்சேவு வாங்கணும். வசுமதிக்கு உசுரு. நிக்க மாட்டான் போல. சரி போகுது.

ரெண்டு பேரும் எழுதினாங்க. நீட் ரிசல்ட் வந்துச்சு. நிதினை விட அதுக்கு இருநூறு மார்க் கூட. இருநூறு. வசுமதி அன்னைக்கு ஒரு வாய் சாப்பிடல. எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு, பெத்த பிள்ள இல்லையா? ஆனா ஒண்ணு, அந்த மார்க்கும் பத்தல. பொதுவுல வர்ற அளவுக்கு இல்ல. அந்த ஏழரை சதவீதத்துல இருந்திருந்தா தாராளமாக் கிடைச்சிருக்கும்னு சொன்னாங்க. அதுகூடப் பத்தாவது வரைக்கும் ஒண்ணாப் படிச்ச ஊர்ப்பிள்ள ஒண்ணு, இதை விட மார்க்கு கம்மி, அதே கவர்மென்ட் ஸ்கூல்லயே இருந்த பிள்ள, கவர்மென்ட் மெடிக்கல் காலேஜ்ல சேந்துருச்சு. அந்த வாத்தியார் போன் பண்ணி மாரீஸ்வரிகிட்ட என்னமோ பேசினாரு. அது கேட்டுக்கிட்டு, போனை வச்சிட்டு, மாமியாருக்குக் கஞ்சி ஆத்தப் போயிருச்சு. நானும், பரவாயில்ல, மனசு திடமாத்தான் இருக்குன்னு நினைச்சேன்.

நிதினுக்கு ஒரு தனியார் காலேஜ்ல மேனேஜ்மென்ட் சீட் வாங்கினேன். ஒரு மனையை வித்தேன். ஆனா சலுகையில போகல பாருங்க. காசு கட்டி, தலை நிமிந்து போறான்.

மாரீஸ்வரி ஒரு நாள் எங்கிட்ட வந்து நின்னுச்சு. "மாமா, நர்ஸிங்காவது சேரட்டுமா? இல்லன்னா பி.எஸ்ஸி. ஏதாவது ஒண்ணு"ன்னு கேட்டுச்சு. நான் நல்லதத்தான் சொன்னேன். "ஏம்மா இறங்கிப் போற? ஒரு வருஷம் வீட்ல இருந்து படி. அடுத்த வருஷம் திரும்ப எழுது. டாக்டரே ஆகலாம்"னேன். "கோச்சிங் மாமா?"ன்னுச்சு. "நிதின் புஸ்தகம் எல்லாம் சும்மாத்தானே கிடக்கு"ன்னேன். சரின்னுச்சு. காலேஜ் அட்மிஷன் எல்லாம் அதோட முடிஞ்சுபோச்சு.

அப்புறம் நிதினுக்கு சீட் கிடைச்சதுக்கு ஒரு விருந்து வச்சோம். ஹோட்டல் ஹாலு. பேங்க் ஆளுங்க, வசுமதி சொந்தக்காரங்க, பெரிய கூட்டம். ஸ்டேஜ்ல டாக்டர் நிதின்னு பூவுலயே எழுதி வச்சிருந்தோம். தங்கச்சியவும் கூப்பிட்டேன். கூப்பிடாம இருப்பேனா? சின்னவளைக் கூட்டிட்டு வந்தா. மாரீஸ்வரி மாமியாரை வீல்சேர்ல வச்சுக்கிட்டு ஓரமா நின்னுக்கிட்டு இருந்துச்சு.

தங்கச்சி ஒரு டப்பாவை எடுத்துட்டு நேரா ஸ்டேஜுக்கு ஏறி வர்றா. உள்ள ஒரு ஸ்டெதாஸ்கோப்பு. மகளுக்குன்னு வாங்கி வச்சிருந்தாளாம், அவ மதுரைக்கு வந்த வருஷமே. "இனி எதுக்குண்ணே அது எங்க வீட்ல, எம் மருமகனுக்கு இருக்கட்டும்"னு எல்லாரு முன்னாடியும் சொல்றா. மருமகன்னு. மைக்குக்குப் பக்கத்துல நின்னு. அண்ணன் மகன் மருமகன்தான், இல்லைங்கல. ஆனா கேக்குறவன் என்ன நினைப்பான்? வசுமதி மூஞ்சி மாறிப்போச்சு. டப்பாவை வாங்கி மேசைக்கு அடியில தள்ளிட்டா. மட்டமான சரக்கு வேற.

அந்த நேரம் பாத்து எங்க பழைய ஜோனல் மேனேஜர் கேக்குறாரு. மாரீஸ்வரியக் காட்டி, "யாரு சாமி அந்தப் பொண்ணு? ரொம்பப் பொறுப்பா இருக்கே"ங்கிறாரு. நான் என்ன சொல்ல? பெரிய மனுஷன்கிட்ட வம்சாவளிய விரிச்சு வைக்க முடியுமா? "ஊர்ல இருந்து வந்த பிள்ள சார். வீட்டு வேலைக்கு ஒத்தாசையா வச்சிருக்கோம்"னேன். பொய்யா அது? ஒத்தாசைதானே?

திரும்பிப் பாத்தா தங்கச்சி பின்னால நிக்கிறா.

சண்டை போட்டிருந்தாக் கூடப் பரவாயில்ல தம்பி. படியிறங்கிப் போயி, வீல்சேரை ஸ்டேஜுக்குக் கீழ வசுமதி கண்ணுக்கு எதிர கொண்டாந்து நிறுத்திட்டு, மகள் கையப் பிடிச்சா. அந்தப் பிள்ள குனிஞ்சு மாமியாரோட முந்தானையச் சரி பண்ணி விட்டுச்சு, அவ்வளவுதான். மூணு பேரும் போயிட்டாங்க. இலையில உக்காரல. அவங்களுக்குன்னு போட்டு வச்ச சாப்பாடு அப்படியே கிடந்துச்சு. ஒரு இலை என்ன விலைன்னு தெரியுமா அந்த ஹோட்டல்ல? மாமியார் வேற, பேச்சு வராத மனுஷி, வாசலப் பாத்துக் கை நீட்டி நீட்டி ஒரே அழுகை. விருந்தே கெட்டுப்போச்சு.

அதுக்கப்புறம் அது எங்கயும் சேரல. இப்போ தீப்பெட்டி ஆபீஸுக்குத்தான் போகுது, அம்மாக்காரி போன அதே ஆபீஸு. தங்கச்சிக்குத் தீக்குச்சி மருந்து வாடையில நெஞ்சு கெட்டுப்போச்சு, மூச்சு வாங்குது, வேலைக்குப் போக முடியல. அப்ப இவதானே சம்பாதிக்கணும்? நான் வசுமதிகிட்ட சொல்லுவேன், படிப்பு வர்றது வேற, அதைப் பிடிச்சு மேல வர்றது வேற. எங்கிட்ட இருந்த வெறி இதுங்ககிட்ட இல்ல. வீட்ல வச்சு, சோறு போட்டு, ஸ்கூல்ல சேத்து, எல்லாம் செஞ்சேன். தீப்பெட்டிதான்னு எழுதியிருந்தா நான் என்ன பண்ண?

மாமியாருக்கு வேற ஆள் வச்சோம். ஒண்ணும் நிக்கல. ஒருத்தி போன்லயே கிடந்தா. ஒருத்தி சம்பளத்தைக் கூட்டிக் கேட்டா. வசுமதிக்குப் பாதி உசுரு போயிருச்சு. இப்ப இந்த வருஷம் சின்னவ செண்பகவல்லி பத்தாவது முடிச்சிருக்கு. அக்காவ விடக் கூட மார்க்கு. போன்ல கேள்விப்பட்டேன். எனக்கு மனசுல வஞ்சம் கிடையாது தம்பி. நடந்ததை மறந்துட்டு, இதையாவது கரையேத்துவோம்னு இன்னிக்குக் காலையில கிளம்பிப் போனேன். அல்வா, பழம், பிள்ளைக்கு ஒரு புது ஸ்கூல் பேக்கு, எல்லாம் வாங்கிட்டுத்தான் போனேன்.

தங்கச்சி கட்டில்ல உக்காந்து மூச்சு வாங்கிட்டு இருந்தா. வாண்ணேன்னா. மாரீஸ்வரி மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆபீஸ்ல இருந்து வந்திருந்துச்சு. விரலெல்லாம் மருந்துச் சாயம். தட்டு வச்சு, சோத்தைப் போட்டுச்சு. நான் விஷயத்தைச் சொன்னேன். செண்பகத்தை நான் கூட்டிட்டுப் போறேன், அதே ஸ்கூலு, எல்லாச் செலவும் என்னோடதுன்னு. மாரீஸ்வரிதான், குழம்பு ஊத்திக்கிட்டே, "இல்ல மாமா. செண்பகம் இங்கயேதான் படிப்பா"ன்னுச்சு.

"பெரியவங்க பேசுறோம்மா"ன்னேன்.

"இன்னும் ரெண்டு வருஷம்தான் மாமா. சாருகிட்டப் பேசிட்டேன். சாயங்காலம் அவரே தனியாச் சொல்லித் தர்றாரு"ன்னுச்சு. அதே வாத்தியார். பாத்துக்கங்க, எவ்வளவு தூரம் மனசைக் கெடுத்து வச்சிருக்காருன்னு.

நான் தங்கச்சியப் பாத்தேன். நீ சொல்லு பேச்சின்னேன். அவளுக்கு மூச்சு கூடி வர கொஞ்ச நேரம் ஆச்சு. அப்புறம் சொல்றா, "உனக்காக நான் நின்னேன். உம் மகனுக்காக இவ நின்னா. போதும்ண்ணே."

என்ன பேச்சு பாத்தீங்களா? நான் நிப்பாட்டினேனா அவளை? அப்பா நிப்பாட்டினாரு. இதை நான் நிப்பாட்டினேனா? அதுவா அம்மா கையப் பிடிச்சுக்கிட்டுப் போச்சு. அந்தச் சின்னப் பிள்ள நான் கொண்டு போன பேக்கைத் தொட்டுக் கூடப் பாக்கல. உள்வாசப்படியில நின்னுக்கிட்டு, அக்கா மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கு.

எந்திரிச்சுட்டேன். நான் கோவத்துல ஒண்ணும் சொல்லல, நிதானமாத்தான் சொன்னேன். வீட்டுப் பத்திரம் என் பேர்ல இருக்கு, தங்கச்சி அவ கல்யாணத்தப்பவே எழுதிக் கொடுத்துட்டா. நிதின் படிப்புக்கு இன்னும் கட்ட வேண்டியது கிடக்கு. அதனால வீட்டை வித்துரலாம்னு இருக்கேன், ஆடிக்கு முன்னாடி காலி பண்ணிருங்கன்னேன். அவகாசம் கொடுத்துத்தான் சொன்னேன், நான் ஒண்ணும் கல் நெஞ்சுக்காரன் இல்ல. இல்லன்னா பிள்ளைய அனுப்பு, எல்லாத்தையும் விட்டுரலாம்னும் சொன்னேன். வழிய அடைக்கல பாருங்க.

தங்கச்சி சுவத்தைப் பாத்துத் திரும்பிக்கிட்டா. மாரீஸ்வரி, "சரி மாமா, காலி பண்ணிடுறோம்"னுச்சு. அவ்வளவுதான். அழலை, கெஞ்சலை. "சோத்தைப் போட்டாச்சு, சாப்பிட்டுப் போங்க"ன்னுச்சு. அந்த வார்த்தைதான் தம்பி எனக்குத் தாங்கல. சாப்பிட்டுப் போங்கன்னு என்னையச் சொல்றதுக்கு அது யாரு? என் வீட்டுல நின்னுக்கிட்டு?

வாடகை வீட்டுக்குப் போகட்டும். மூச்சு வாங்குற அம்மா, தீப்பெட்டிச் சம்பளம், இதுல ஒருத்தி டாக்டர் ஆகப் போறாளாம். பாப்போம். ஒரு மாசத்துல அண்ணேன்னு போன் வரும்.

என்ன தம்பி, நீங்க பேசவே மாட்டேங்கிறீங்க? நான் மட்டும் பேசிக்கிட்டே வர்றேன். நீங்க எங்க வேலை பாக்குறீங்க?

வாத்தியாரா? கவர்மென்ட் ஸ்கூல்லயா. அட, மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல. தப்பா எடுத்துக்காதீங்க சார், உங்களச் சொல்லல. எல்லாத் துறையிலயும் நல்லவங்க இருக்காங்க.

இதுவும் நல்லதுக்குத்தான், உங்களையே கேட்டுருவோம். உங்க ஸ்கூல்ல இந்த வருஷம் பத்தாவது முடிச்ச பொம்பளப் பிள்ள ஏதாவது இருக்கா சார்? நல்லாப் படிக்கணும், கஷ்டப்பட்ட குடும்பமா இருக்கணும். வீட்டோட வச்சுப் படிக்க வைக்கிறோம். அப்பா இல்லாத பிள்ளையா இருந்தா ரொம்ப விசேஷம். அடிக்கடி பாக்க வர்றேன்னு வந்து நிக்க மாட்டாங்க.